பரமேஸ்வரி கையெழுத்திட்ட வெற்றுத்தாள்

இதை வாசிக்கத் தொடங்கியிருக்கும் உங்களிடம் முதலிலேயே ஒரு பொறுப்பை ஒப்படைக்கிறேன். நீங்கள் எனக்குச் சாட்சியாக இருக்கவேண்டும். மேடையில் பேசிய காலத்தில் எதிரே அமர்ந்தவர்களை நடுவர் அவர்களே என்று விளித்திருக்கிறேன். அவையோரே என்று விளித்திருக்கிறேன். சாட்சிகளே என்று ஒருமுறைகூட விளித்ததில்லை. நடுவரை வசப்படுத்தலாம், அவையைக் கைதட்ட வைக்கலாம். சாட்சியின் முன்னால் நடந்ததைச் சொல்லிவிட்டு நிற்கத்தான் முடியும். அப்படி நின்று பழகாதவன் நான். ஆகவே சில இடங்களில் என் குரல் பழைய மேடைக்கு ஏறப் பார்க்கும். ஏறினால் கண்டுகொள்ளாமல், நடந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பினாங்குத் தீவில் ஓர் உயர்கல்வி நிலையத்தின் உலோகச் சோதனைக்கூடத்தில் உதவியாளனாகச் சேர்ந்து, அதன் பொறுப்பாளனாக ஓய்வு பெற்றவன் நான். சென்ற மாதம் எங்கள் பேச்சு மன்றத்தின் இளைய செயலாளர் வீட்டுக்கு வந்தார். ஆண்டுமலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம்.

“அங்கிள், நீங்க எத்தனையோ பேரை பிஎச்டிக்கு வெளிநாடு அனுப்பி வச்சிருக்கீங்களாமே. இப்ப எங்களுக்கு நெட்ல தட்டினா எந்த யூனிவர்சிட்டில எந்த இடம் காலின்னு லிஸ்டே வந்துருது. அப்ப எப்படித் தேடுனீங்கன்னு எழுதுங்களேன். சாதனையாளர் பக்கத்துல போடறோம்.”

“எழுதறேன் தம்பி. சாதனைன்னு மட்டும் போடாத.”

“ரொம்ப அடக்கம்லா உங்களுக்கு” என்று சிரித்துவிட்டுப் போனார்.

அது அடக்கம் இல்லை. சாதனை என்ற சொல்லை நான் ஏன் வேண்டாம் என்றேனோ, அதன் வரலாற்றைத்தான் எழுதப்போகிறேன்.

என் தந்தை யாழ்ப்பாண வழிவந்தவர்; துறைமுக அலுவலகத்தில் எழுத்தர். எங்கள் வீட்டில் ஆங்கிலத்தில் நல்ல கடிதம் எழுதத் தெரிவது, மற்ற வீடுகளில் வயல் இருப்பதைப் போன்றது. எனக்குத் தமிழும் வாய்த்தது. பள்ளிப் பருவத்திலேயே பேச்சு மன்றத்தில் சேர்ந்தேன். மாலைகளில் பாடாங் கோத்தா கடற்சுவரின்மேல் நின்று அலைக்கு மேலே குரல் எழும்பப் பயிற்சி செய்தோம். தலைப்பைக் கொடுத்த பிறகுதான் ஒட்டிப் பேசுவதா வெட்டிப் பேசுவதா என்று சீட்டுக் குலுக்குவார்கள். எந்தப் பக்கம் விழுந்தாலும் அந்தப் பக்கமே உண்மை என்று ஐந்தே நிமிடத்தில் நம்பிவிட நான் பழகிக்கொண்டேன். எதையும் விட்டுக்கொடுக்காதே, கேள்வி வந்தால் அதைக் கேட்டவன்மேலேயே திருப்பு, மணி அடிக்கும்முன் முடி. என் பத்தொன்பதாம் வயதில் இந்த மூன்றும் எனக்கு மூச்சுப்போல ஆகியிருந்தன. அந்த வயதில்தான் சோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. எழுபதுகள் முடிந்துகொண்டிருந்தன.

அங்கே என் மேலதிகாரி மிஸ்டர் கூ. ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு பேனாவும் ஒரு பென்சிலும் இருக்கும். உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. அவர் பேசியது ஆங்கிலமும் பசார் மலாய் என்னும் சந்தைப் பேச்சும் கலந்தது. இங்கே தமிழில் தருகிறேன்.

அவருடைய கூடத்தில் குறிப்பேட்டுக்கு ஒரு முறை உண்டு. விரித்த ஏட்டின் இடப்பக்கத்தில் கண் கண்டது மட்டும், பேனாவில். வலப்பக்கத்தில் நாம் நினைப்பது, பென்சிலில். நான் சேர்ந்த இரண்டாம் வாரம் ஒரு பாரந்தூக்கியின் உடைந்த கொக்கி வந்தது. இடப்பக்கத்தில், ‘வார்ப்புக் குறையால் உடைந்தது’ என்று அழகான ஆங்கிலத்தில் எழுதினேன். மிஸ்டர் கூ ஏட்டை நெடுநேரம் பார்த்தார்.

“நீ இதை வார்த்தபோது பக்கத்தில் இருந்தாயா?”

“இல்லை, சார்.”

“அப்படியென்றால் எதைப் பார்த்தாய்?”

“உடைந்த முகத்தைப் பார்த்தேன்.”

“எப்படி இருந்தது?”

“ஓர் ஓரத்தில் வழவழப்பு. மிச்சமெல்லாம் சொரசொரப்பு.”

“அதை எழுது. அது போதும்லா. உன் வார்ப்புக் குறை பென்சிலுக்குக் காத்திருக்கட்டும்.”

நான் எழுதினேன். ஆனால் உள்ளே நகைத்தேன். இவரை மேடையில் ஏற்றினால் முதல் மணிக்கு முன்பே இறக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்பை அடுத்த ஐந்தாறு ஆண்டுகளுக்கு நான் மாற்றிக்கொள்ளவில்லை.

ஆய்வு இடம் தேடுவதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. பொறியியலிலும் பொருளறிவியலிலும் முனைவர் ஆய்வுக்கு இடம் இருக்கிறது என்று அப்போது எந்த நாளேடும் விளம்பரம் செய்யாது. நூலகத்துக்கு ஆய்வு இதழ்கள் கப்பலில் வரும், மாதங்கள் தாமதமாக. கட்டுரையின் முதல் பக்க அடிக்குறிப்பில் பேராசிரியரின் முகவரி இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, கட்டுரையின் தனிப்படி ஒன்று அனுப்புமாறு அஞ்சலட்டை எழுதவேண்டும். பெரும்பாலோர் அனுப்பினார்கள். அதைப் பலமுறை படித்து, நம் கையால் செய்த ஏதாவது ஒன்றை அதோடு பொருத்திப் பார்த்து, அதன் பிறகே கடிதம். “இடம் கேட்காதே,” என்பார் மிஸ்டர் கூ. “நீ பார்த்த ஒன்றைச் சொல். உனக்குப் புரியாததைக் கேள். அவர் பதில் எழுதினால் நீ பாதி உள்ளே போய்விட்டாய்.”

அறிவுரை அவருடையது, ஆங்கிலம் என்னுடையது. கூடத்தின் தட்டச்சுப்பொறியில் மாணவர்களுக்குக் கடிதம் அடித்துத் தருவது வழக்கமாயிற்று. என் கடிதத்தோடு முதலில் போனவன் செராமிக் துறை மாணவன் ஒருவன். கனடாவில் இடம் கிடைத்தது. அவன் நல்ல மாணவன், எப்படியும் கிடைத்திருக்கும் என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். அன்று, என் மூன்றாவது பத்தியால்தான் கிடைத்தது என்று மன்றத்தில் எல்லாரிடமும் சொன்னேன். அடுத்து இன்னொருவன் போனான். என் பெயரைச் சேர்த்து, ‘சிவநேசன் கடிதம்’ என்று ஒரு பெயர் உண்டாயிற்று. அந்தப் பெயரைக் கேட்டுத்தான் பரமேஸ்வரி வந்தாள்.

தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்தின் தூண்கள் கடலில் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. சுங்கை பாக்காப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவரின் மகள் அவள். பொறியியல் பட்டம் பெற்று, பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தாள். வாரக் கடைசியில் வீட்டுக்குப் போக பஸ், ஃபெரி, மறுபடியும் இரண்டு பஸ். தொழிற்சாலையிலிருந்து சோதனைக்கு அனுப்பும் மின்சுற்று போர்டுகளைத் தானே எடுத்துவந்து, தானே அறுத்து மெருகிட அனுமதி கேட்டாள். மிஸ்டர் கூ ஒருநாள் பக்கத்தில் நின்று அவள் கையைப் பார்த்துவிட்டு, அன்றே கூடத்துச் சாவி ஒன்றைக் கொடுத்தார். எனக்குச் சாவி கொடுக்க அவருக்கு ஓராண்டு ஆகியிருந்தது.

அவள் வேலையை உங்களுக்குக் கொஞ்சம் காட்டவேண்டும். மின்சுற்றுப் பலகையில் ஒவ்வொரு சிறு பாகத்தின் காலையும் செம்புத் தடத்தோடு ஒட்டவைப்பது ஈயப்பற்று. வெள்ளீயமும் காரீயமும் கலந்த துளி. அந்தத் துளியை நடுவே அறுத்து, பிசினில் பதித்து, இறுகியதும் தேய்தாளில் தேய்க்கவேண்டும். முதலில் முரட்டுத் தாள், பிறகு படிப்படியாக மென்மையானது. தாள் மாறும்போதெல்லாம் திசையைக் குறுக்கே திருப்பி, முந்தைய கீறல் ஒன்றுகூட மிஞ்சாதவரை தேய்த்து, பிறகு துணியில் மெருகு, எரிசாராயத்தில் கழுவல், சில விநாடி அமிலம், உடனே காற்றில் உலர்த்தல். ஈயப்பற்று மிகவும் மென்மையானது. அவசரப்பட்டு அழுத்தினால் தேய்தாளின் மணலை அது விழுங்கிவிடும். அப்புறம் நுண்ணோக்கியில் தெரிவது உலோகம் அல்ல, நம் கையின் அவசரம். பரமேஸ்வரி அழுத்தியதே இல்லை. கோயிலில் சந்தனம் அரைப்பவரைப் போல அவள் தோள் மட்டும் அசையும்.

சில போர்டுகளில் ஈயப்பற்று விரிசல் விட்டது. விரிசல் துளியின் நடுவே ஓடவில்லை. செம்பை ஒட்டி ஒரு மெல்லிய சாம்பல் பட்டை தெரிந்தது, அதன் வழியே ஓடியது. தொழிற்சாலைக்கு வந்து நெடுநாள் ஸ்டோரில் கிடந்த போர்டுகளில்தான் அந்தப் பட்டை தடித்திருந்தது. புதியவற்றில் இல்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. மாதக்கணக்கில் துளித்துளியாக அறுத்துப் பார்த்தாள்.

அந்தப் பட்டையைப் பற்றியே ஆய்வு செய்பவர் வட இங்கிலாந்தில் ஒருவர் இருப்பதை அவளே நூலகத்தில் கண்டுபிடித்தாள். அஞ்சலட்டை போட்டாள்; தனிப்படி வந்தது. அதை உறைபோட்ட புத்தகம்போலக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். கூடவே ஒரு கடிதத்தின் கையெழுத்துப் படி, ஒரே பக்கம்.

“அண்ணே, என் இங்கிலீஷ் சும்மா சுமாரா இருக்கும். கொஞ்சம் திருத்தி டைப் பண்ணித் தாங்கண்ணே. இந்த வருஷம் இடம் கெடச்சா என் வேலைய வச்சுத் தர்றேன்னு மேனேஜர் எழுதியே குடுத்திருக்காரு. அவரு அடுத்த வருஷம் ஜப்பானுக்கு மாறிப் போறாரு. அப்புறம் யாரு வருவாங்களோ.”

“கவலைய விடு. என்கிட்ட வந்த லெட்டர் எதுவும் தோத்ததில்ல.”

“தோக்கறதுக்கு ஜெயிக்கறதுக்கு இது என்னா பூப்பந்தா அண்ணே?” என்று அவள் சிரித்தாள்.

அவள் எழுதியிருந்தது ஐந்து வாக்கியங்கள். பட்டையைப் பார்த்தேன், இத்தனை போர்டுகளில் பார்த்தேன், பழையவற்றில் தடிப்பு. நான்காவது வாக்கியம் இது: ‘ஆனால் ஏர்கான் அறையில் உலர்வாக வைக்கப்பட்டிருந்த இரண்டு பழைய பலகைகளிலும் இதே பட்டை இருக்கிறது, ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.’ ஐந்தாவது, நுண்ணோக்கிப் படம் இணைப்பு.

நான் நான்காவது வாக்கியத்தைச் சிவப்புப் பேனாவால் அடித்தேன். அதன் இடத்தில் ஒரு காரணத்தை எழுதினேன். பினாங்கின் உப்புக்காற்றும் வெப்பமண்டல ஈரமும் சேர்ந்து உலோகத்தை அரிப்பதன் விளைவே அந்தப் பட்டை என்றேன். மூன்று அலைபோல எழுந்து விழும் வாக்கியம். இன்றும் மனப்பாடமாகச் சொல்ல முடியும்; சொல்லமாட்டேன்.

தட்டச்சான தாளைப் படித்து அவள் முகம் சுருங்கியது.

“அண்ணே, அந்த ரெண்டு போர்டு எங்க?”

“அது நம்ம கேஸ வீக் ஆக்குது. ஈரத்தால வருதுன்னு சொல்லிட்டு, ஈரமே இல்லாத ரூம்லயும் வருதுன்னு யாராவது சொல்லுவாங்களா?”

“ஈரத்தாலன்னு நான் சொல்லலையே.”

“மேடையேறி எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டு எறங்கினா யாரு கைதட்டுவா? அவரு பெரிய புரொபசர். தெரிஞ்சவளத்தான் எடுப்பாரு.”

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டின் ஆங்கிலம், என் மேடைப் பெயர், கனடா போனவன் எல்லாம் என் பக்கத்தில் நின்றன. தோட்டத்துப் பள்ளியில் படித்துவந்தவள் அவள். “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று கையெழுத்துப் போட்டாள். இந்த வாக்கியத்தை வாழ்க்கையில் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இப்போது நினைத்தால் ஒவ்வொருவரையும் தேடிப்போய் என்ன ஆனது என்று கேட்கவேண்டும்போல் இருக்கிறது.

அப்போது எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. தட்டச்சில் பிழை நேர்ந்தால் தொலைவிலிருந்து வருபவரை மறுபடி அலையவைக்கக் கூடாது என்பதற்காக, கூடுதலாக இரண்டு வெற்றுத் தாள்களின் அடியில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வோம். பரமேஸ்வரியும் போட்டுக்கொடுத்தாள். அடித்த கடிதத்தின் முதல் வரியில் ஒரு பிழையைப் பிறகு கண்டு மறுபடி அடித்ததில் ஒன்று செலவானது. இன்னொன்று என் இழுப்பறையில் இருந்தது. தோட்டத்துக்குப் போகும் கடிதங்கள் அலுவலகத்தில் கிடந்து தாமதமாகும் என்பதால், பதில் கூடத்து முகவரிக்கு, என் பெயரையும் குறிப்பிட்டு வரும்படி எழுதியிருந்தோம்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. நீல விமானக் கடிதம், நெருக்கமான கையெழுத்து. படம் மிக நேர்த்தியாக இருக்கிறது, இவ்வளவு சுத்தமாக மெருகிட்ட ஈயப்பற்றைத் தம் மாணவர்களிடம்கூட அதிகம் பார்த்ததில்லை என்று தொடங்கினார். தம் குழுவில் ஓர் இடம் இருப்பதாகவும், இந்த மாதக் கடைசிக்குள் பெயர் கொடுக்கவேண்டும் என்றும் சொன்னார். அதற்கு முன் ஒன்றே ஒன்று: உலர்ந்த இடத்தில் வைத்த பலகைகள் ஏதாவது இருக்கின்றனவா? அவற்றில் பட்டை உண்டா, இல்லையா? ‘விடை எதுவானாலும் எனக்கு ஆர்வமே.’

அந்தக் கடைசி வரியை நான் படித்தேன். சத்தியமாகப் படித்தேன். ஆனால் என் காதில் விழுந்தது வேறு. எதிரணித் தலைவர் எழுந்து என் வாதத்தின் ஓட்டையில் விரலை வைக்கிறார் என்றே விழுந்தது.

அந்த வாரம் பரமேஸ்வரி விடுப்பில் இருந்தாள். அவள் தாயாருக்கு புக்கிட் மெர்தாஜாம் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை. தோட்ட அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஃபெரி ஏறி, பஸ் பிடித்து, இரண்டு மணி நேரத்தில் மருத்துவமனைக்கே போயிருக்கலாம். அந்த ஞாயிறு எனக்கு மன்றத்தில் இறுதிச் சுற்று இருந்தது. நான் போகவில்லை.

இழுப்பறையிலிருந்து அவள் கையெழுத்திட்ட வெற்றுத்தாளை எடுத்தேன். பொறியில் சுற்றினேன். கையெழுத்துக்கு மேலே கச்சிதமாக முடியவேண்டும் என்று வரிகளை எண்ணிக்கொண்டு, ஒரே மூச்சில் மறுப்புரை அடித்தேன். வெப்பமண்டலத்தில் வாழாதவர்களுக்கு இந்த ஈரத்தின் வலிமை புரிவது கடினம் என்றேன். உலர்ந்த இடத்துப் பலகைகளைப் பற்றிய கேள்வி பேசுபொருளிலிருந்து விலகியது என்றேன். என் முடிவில் எனக்கு ஐயமில்லை என்றேன். ‘என்’ என்று அடித்த ஒவ்வொரு இடத்திலும் அது பரமேஸ்வரி. கடைசி வரி அவள் பெயருக்கு ஒரு விரற்கடை மேலே முடிந்தது. அந்தக் கச்சிதத்தை நினைத்து நான் மகிழ்ந்ததும் நினைவிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை இறுதிச் சுற்றில் வென்றேன்.

பேராசிரியரின் இரண்டாவது கடிதம் நான்கு வரி. எழுதியதற்கு நன்றி. இடம் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டது. தம் குழுவில் இருப்பவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள். ஏற்கெனவே கண்டடைந்துவிட்ட ஒருவருக்கு அங்கே வேலை இருக்காது. நல்வாழ்த்துகள்.

அதை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். ஒன்பது நாள் வைத்திருந்தேன். அந்த ஒன்பது நாளில் பரமேஸ்வரி இரண்டு முறை வந்தாள்.

“ஏதும் வந்துச்சா அண்ணே?”

“இன்னும் இல்ல.”

“தபால் அங்க ஸ்லோ போலருக்கு.”

“ஆமாலா.”

இரண்டே இரண்டு பதில்கள். ஆயிரம் பேர் முன்னால் நாக்குழறாத நான், அவற்றைத் தட்டச்சுப்பொறியைப் பார்த்தபடி சொன்னேன்.

மிஸ்டர் கூவுக்கு இன்னொரு விதி உண்டு. கூடத்தின் பொறியில் அடிக்கும் எந்தத் தாளுக்கும் கார்பன் நகல் கோப்பில் இருக்கவேண்டும். காதல் கடிதமானாலும் சரி. மாதம் ஒருமுறை கோப்பைப் புரட்டுவார். மறுப்புரைக்கு நான் நகல் எடுக்காமல் இருந்திருக்கலாம். எடுத்தேன், ஏனென்றால் அது நன்றாக இருந்தது.

பத்தாம் நாள், நாங்கள் மூவரும் கூடத்தில் இருந்தபோது, அவர் கோப்போடு என் மேசைக்கு வந்தார்.

“இந்தத் தேதியில் பரமேஸ் மருத்துவமனையில் இருந்தாள். இதைச் சொல்லி எழுதவைத்தது யார்?”

மெருகுச் சக்கரத்தின் முன்னால் இருந்த பரமேஸ்வரி சக்கரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். நான் இழுப்பறையைத் திறந்து இரண்டு நீலக் கடிதங்களையும் எடுத்து அவளிடம் கொடுத்தேன். கை கழுவித் துடைத்துவிட்டு வாங்கினாள். முதல் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். இரண்டாவதை ஒரு தடவை.

“நடுவுல நான் என்னா எழுதினேன்?” என்றாள்.

மிஸ்டர் கூ கார்பன் நகலை நீட்டினார். அவள் அதை வாங்காமல் என்னைப் பார்த்தாள்.

“நீங்களே படிங்கண்ணே. நீங்கதானே நல்லாப் படிப்பீங்க.”

படித்தேன். நின்றுகொண்டு, சத்தமாக. முதல் பத்தியில் என் குரல் பழக்கத்தால் ஏறியது. ஏற்ற இறக்கத்துக்காகவே எழுதப்பட்ட வாக்கியங்கள் அவை. ‘ஐயமில்லை’ என்ற இடத்தில் வலக்கை தானாக உயர்ந்தது. அதை நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அதன் பிறகு என் குரல் எங்கே போனது என்று தெரியவில்லை. கடைசிப் பத்தியை எழுத்துக் கூட்டுபவனைப்போல் படித்து முடித்தேன். அடியில் இருந்த அவள் பெயரையும் படிக்கவேண்டியிருந்தது.

“நல்லாருக்குண்ணே” என்றாள். “மேடையில பேசினா எல்லாரும் கைதட்டுவாங்க. ஆனா நான் இப்படி ஒன்னும் பாக்கலையே.”

பிறகு மெருகிட்டுக்கொண்டிருந்த துண்டைக் கழுவி, உலர்த்தி, டப்பாவில் வைத்தாள். கைப்பையை எடுத்தாள். மிஸ்டர் கூ சாளரத்தின் பக்கம் திரும்பி நின்றார். என்னை அவர் திட்டவில்லை. மறுநாளும் திட்டவில்லை. ஆனால் என் குறிப்பேடு ஒவ்வொன்றையும் அதன் பிறகு ஓராண்டுக்கு, இடப்பக்கத்தை வரிவரியாக விரல் வைத்துப் படித்தே கையெழுத்திட்டார். அது போதுமாக இருந்தது.

அவள் பின்னாலேயே பஸ்ஸில் ஏறினேன், துறையில் இறங்கினேன், ஃபெரியிலும் ஏறினேன். ஃபெரி நகர்ந்ததும், கம்பியைப் பிடித்துக்கொண்டு, தூண்கள் எழும்பும் பக்கத்தைப் பார்த்தபடி சொன்னாள்:

“அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு மட்டும் சொல்லிராதீங்க.”

சொல்லத்தான் வாயெடுத்திருந்தேன்.

அதன் பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரமே பேராசிரியருக்கு என் பெயரில், என் கையெழுத்தில், நடந்ததை எழுதினேன். பதில் பண்பாக வந்தது. இடம் போனது போனதுதான். ஆனால் அந்த இரண்டு பலகைகளைப் பற்றி மிஸ் பரமேஸ்வரி எழுதினால் மகிழ்வேன் என்றார். அவளே எழுதினாள், அவளுடைய ஆங்கிலத்தில். இரண்டு மூன்று கடிதங்கள் போய்வந்தன. பட்டைக்கு ஈரம் காரணம் இல்லையாம். வெள்ளீயமும் செம்பும் சேர்ந்து, எங்கள் ஊர்ச் சூட்டில் சும்மா கிடந்தாலே மெல்ல வளர்வதாம். நான் வெட்டிய அவள் வாக்கியத்துக்குள் இருந்தது அதுதான். மேனேஜர் ஜப்பானுக்குப் போனார். புதிதாக வந்தவர் பழையவரின் கடிதத்தை மதிக்கவில்லை. வேறு பேராசிரியர்களுக்கும் அவள் எழுதினாள். இடம் கிடைத்த ஒருமுறை உதவித்தொகை கிடைக்கவில்லை. தொழிற்சாலையில் முதலில் வந்த போர்டு முதலில் வெளியேறவேண்டும் என்று ஒரு விதியைக் கொண்டுவந்து விரிசலை நிறுத்தினாள். பிரிவுத் தலைவியாக ஓய்வு பெற்றாள். இப்போது பெருநிலத்தில், பத்து காவான் என்ற ஊரில் இருக்கிறாள். தைப்பூசத்தில் தண்ணீர்மலைக் கோயில் படியில் பார்த்தால் நின்று பேசுவாள். “சாப்டாச்சா அண்ணே” என்று அவள்தான் முதலில் கேட்பாள். அந்த ஆய்வைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

நான் மேலும் பலருக்குக் கடிதம் அடித்துக் கொடுத்தேன். அவர்கள் சொன்னதை அப்படியே அடித்தேன். வெற்றுத்தாளில் யாரிடமும் கையெழுத்து வாங்கியதில்லை. சிலர் போனார்கள். மன்றம் என்னைப் பாராட்டுவது அவர்களுக்காக. அந்தப் பாராட்டுகளை நான் வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு முறை மாலை விழும்போதும், இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் நன்றி மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். ஏனென்றால் ஃபெரியில் நான் கொடுத்த வாக்கில் இரண்டு பாதி இருந்தது. ஒன்றைக் காத்தேன். மற்றதற்கு அன்று மேல்தளத்தில் நின்ற பயணிகள்தான் சாட்சி. அவர்களில் எத்தனை பேருக்குத் தமிழ் தெரியும் என்று நான் அறியேன்; ஒருவரையும் பிறகு பார்த்ததில்லை. ஆகவேதான், மன்றத்தின் மலரைப் படிக்கும் உங்களை முதலிலேயே சாட்சியாகக் கேட்டேன்.

அன்று ஃபெரி பட்டர்வொர்த் துறையை நெருங்கிக்கொண்டிருந்தது. இறங்குவதற்காக ஆட்கள் வாசல் பக்கம் கூடத் தொடங்கினார்கள். பரமேஸ்வரி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். நான் அவள் முன்னால் போய் நின்றேன். இயந்திர இரைச்சலுக்கு மேல் கேட்கவேண்டும் என்று கடற்சுவரில் பழகிய குரலை எடுத்தேன். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“பரமேஸ், இனிமே நான் பாக்காத ஒன்ன யாரு பேர்லயும் எழுதமாட்டேன். அப்புறம், நீ எழுதின நாலாவது வரிய வெட்டினது நான்தான், உன் கையெழுத்துக்கு மேல பொய் எழுதினது நான்தான், உன் இடம் போனது என்னாலதான்னு, என் பேரச் சொல்லி, எனக்குக் கைதட்டின அதே ஆளுங்க முன்னாடி சொல்லுவேன்.”